ராத்தாவின் பேனையில் குங்குமப்பூ

கனமூலையில் சைக்கிள் கடை சாஹுல் ஹமீதைத் தெரியாத ஆள் இல்லை. உப்பு வெட்டிய அபூசாலியின் இளைய மகன். அவருக்கு மேலே ஒரே ஒரு ராத்தா, றஹ்மத் உம்மா. தம்பிக்கு அறுபத்தாறு வயது, ராத்தாவுக்கு எழுபத்தொன்று. ஒரே வளவில் இரண்டு வீடு, நடுவில் ஒரு கிணறு. ஹமீதின் மனைவி மௌத்தான பிறகு அவருக்கு மூன்று வேளைச் சாப்பாடும் ராத்தா வீட்டுக் குசினியில் இருந்துதான் வந்தது.

றஹ்மத் உம்மாவின் வாய் பேர்போன வாய். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தேங்காய் பொறுக்குகிறவனை இந்தப் பக்கம் நின்றே பிடிப்பாள். அவனுடைய வாப்பா எந்த வருசம் எந்த மரத்தில் களவாக ஏறினான், இறங்கும்போது எந்தக் காலை முறித்துக்கொண்டான் என்பது வரைக்கும் சொல்லித்தான் விடுவாள். நாலு வருசத்துக்கு முதல் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்தது. தொண்டைக்குள் கட்டி. கொழும்பில் வெட்டி எடுத்தபோது சத்தம் பிறக்கும் இடத்தையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது, கதை போனது.

அதற்குப் பிறகு அவள் எழுதித்தான் பேச வேண்டும். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், எழுத்து வரும். ஆனால் விரல் மூட்டெல்லாம் வீங்கி விறைத்துப்போனதால் சாதாரணப் பேனையை அழுத்திப் பிடிக்க ஏலாது. நாலு எழுத்து எழுதினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மகன் ரிஷாத் ஜப்பானில் வேலை செய்கிறவன். முதல் சம்பளத்தில் உம்மாவுக்கு ஒரு குட்டி மைப்பேனை வாங்கி அனுப்பினான். மூடி வைத்தால் நடுவிரல் அளவுதான் இருக்கும். மூடியைக் கழற்றிப் பின்பக்கம் சொருகினால் நீண்டு கையில் அளவாக உட்காரும். அழுத்தத் தேவையில்லை, கடதாசியில் பட்டாலே மை தானாக ஓடும். உள்ளே ஒரு சின்னக் குழாய். நிப்பைப் போத்தலில் தோய்த்துக் குழாயின் வாலைத் திருகினால் மை மேலே ஏறும். அதற்குப் பேர் கன்வேட்டர் என்று ரிஷாத் போனில் சொல்லிக் கொடுத்தான்.

றஹ்மத் உம்மா அந்தப் பேனையைக் கறுப்பு நாடாவில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கே கொப்பியைத் திறந்து தம்பிக்கு எழுதிக் காட்டினாள்: "நேத்து மீன் வாங்கினது யார்? கண் தெரியாதவனா?"

வெள்ளிக்கிழமை தோறும் பின்னேரம் அசர் தொழுத பிறகு ரிஷாத் வீடியோவில் போன் எடுப்பான். ரிஷாதின் மனைவி இல்மா போனைக் கண்ணாடி அலுமாரியில் சாய்த்து வைப்பாள். உம்மா எழுதி எழுதிக் கொப்பியைத் தூக்கிக் காட்டுவாள், மகன் அங்கே இருந்து வாசித்து வாசித்துச் சிரிப்பான். தாய்க்கும் மகனுக்கும் உள்ள கதையெல்லாம் அந்த நிப்பு முனையால்தான் நடந்தது.

ஹமீதுக்குச் சைக்கிள் திருத்துவதோடு இன்னொரு வேலையும் உண்டு. வாப்பாவிடம் இருந்து வந்தது. காய்ச்சல், பயம், நித்திரையின்மை என்று வருகிறவர்களுக்கு வெள்ளைப் பீங்கான் தட்டில் குர்ஆன் வசனம் ஓதி எழுதிக் கொடுப்பார். குங்குமப்பூவைப் பன்னீரில் ஊறவைத்து, வழுவழுப்பான பீங்கானில் வழியாமல் நிற்க ஒரு துளி பிசின் கலந்து, சீவிய குச்சியால் எழுதுவது. வீட்டுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் குடிப்பார்கள். "டாக்டரிட்டயும் போங்க" என்று சொல்லித்தான் பீங்கானைக் கொடுப்பார்.

இரண்டு வருசமாக அவருடைய கை நடுங்குகிறது. ராத்தாவுக்குக்கூட அவர் அதைச் சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மதுரங்குளித் துணிக்கடை வீட்டு அம்மா புதுப் பீங்கானும் கையுமாக வந்தாள். அவளுடைய மகள் ஸம்ஹாவுக்கு வயிற்றில் ஏழு மாசம். ராவில் பயந்து பயந்து எழும்புகிறாளாம்.

"நானா, கோவிக்க வேணாம்" என்றாள் அந்த அம்மா. "போன முறை நீங்க எழுதினது எறும்பு ஓடின மாதிரி இருந்திச்சு. இந்த முறை கொஞ்சம் தெளிவா எழுதுங்க. அல்லாஹ்ட சொல் இல்லையா?"

ஹமீதுக்குச் செவி இரண்டும் சுட்டது. "இரிங்க" என்று சொல்லிவிட்டு ராத்தா வீட்டுப் பக்கம் போனார். றஹ்மத் உம்மா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாள். பேனை நாடாவோடு கதவு ஆணியில் தொங்கியது.

கேட்டால் அவள் தராமல் விடமாட்டாள். ஆனால் கேட்டால் "உனக்குக் கை நடுங்குதா?" என்று அதே பேனையால் எழுதிக் கேட்பாள். ஹமீது அந்த ஒரு கேள்விக்குத்தான் பயந்தார். எட்டி எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

நீல மையைப் பீச்சிவிட்டு, கழுவி, குங்குமப்பூத் தண்ணீரை அந்தக் குட்டிக் குழாய்க்குள் உறிஞ்சினார். நிப்பு பீங்கானில் வழுக்கிக்கொண்டு போனது. நடுக்கம் தெரியவே இல்லை. வாப்பாகூட இப்படி எழுதியதில்லை என்று தோன்றியபோது நெஞ்சு ஒரு சாண் உயர்ந்தது. துணிக்கடை அம்மா பார்த்துவிட்டு "மாஷா அல்லாஹ்" என்றாள். அவள் போனவுடன் பேனையைக் கழுவி ஆணியில் மாட்டுவதுதான் நினைப்பு. ஆனால் சந்தியில் இருந்து பாண்காரன் பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பிறகு செயின் அறுந்த ஒருவன். குங்குமப்பூவும் பிசினும் ஹமீதின் சட்டைப் பைக்குள், நல்ல வெயிலில், பேசாமல் காய்ந்தன.

பகல் சாப்பாட்டுக்குப் போனபோது றஹ்மத் உம்மா மெத்தையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அலுமாரி லாச்சியெல்லாம் திறந்து கிடந்தது. தம்பியைக் கண்டதும் கழுத்தைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தாள்.

"பேனையா? நான் காணல்லயே ராத்தா" என்றார் ஹமீது. பேனை அவருடைய நெஞ்சில் முட்டிக்கொண்டு இருந்தது.

அசருக்குப் பிறகு கடைக்குப் பின்னால் போய்க் கழற்றிப் பார்த்தால் கன்வேட்டரின் வால் திருகவில்லை, கல்லாக இறுகிப்போய் இருந்தது. சுடுதண்ணீரில் போட்டார். அதற்கும் அசையவில்லை. இத்தனை வருசம் எந்த இறுகிய நட்டையும் கழற்றிய குறடு கையில் இருந்தது. மெல்லத்தான் பிடித்தார். படக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குழாய் நீளத்துக்கு வெடித்துவிட்டது.

அவர் அதை அப்படியே பேனைக்குள் வைத்து மூடி, மஃரிபுக்குப் போகிற வழியில் ராத்தாவின் கட்டிலுக்குக் கீழே, காலடியில், மெல்ல உருட்டிவிட்டார். அந்தத் தொழுகையில் எத்தனை ரக்அத் தொழுதோம் என்று அவருக்கே நிச்சயம் இல்லை.

மறுநாள் காலைத் தேத்தண்ணியோடு றஹ்மத் உம்மா கொப்பியையும் கொண்டுவந்து நீட்டினாள். பென்சிலால், வெளிறிய கோடாக, ஒரு பக்கத்துக்கு மூன்று வரி. நோகிற கையால் எழுதியது தெரிந்தது.

"பேனை கட்டிலுக்குக் கீழ கிடந்திச்சு. என்ட விரல்தான் கூடத் திருகி உடைச்சிருக்கு. ரிஷாதுக்குச் சொல்லாத, முதல் சம்பளத்துல வாங்கினது."

ஹமீது "ம்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை ரிஷாத் போன் எடுத்தான். றஹ்மத் உம்மா பென்சிலால் எழுதிக் காட்டினாள், போனில் அது தெரியவில்லை. அழுத்தி எழுதப் பார்த்து விரலை உதறிக்கொண்டாள். பிறகு வெறுமனே தலையை ஆட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"உம்மா, ஏன் எழுதுறீங்க இல்ல? என்மேல கோவமா?" என்று கேட்டான் மகன். "அடுத்த பெருநாளைக்குத்தான் வாறன் எண்டு சொன்னேனே. அதுக்கா?"

அவள் இல்லை இல்லை என்று கையை ஆட்டினாள். அவனுக்கு அது போ போ என்பதுபோலத் தெரிந்திருக்க வேண்டும், முகம் விழுந்துவிட்டது. மூலையில் கதிரையில் இருந்த ஹமீது தன்னுடைய கால் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை புத்தளத்துக்கு பஸ் ஏறினார். திருத்தித் தருகிறேன் என்று ராத்தாவிடம் வாங்கிய பேனை கைலேஞ்சிக்குள் சுற்றி இடுப்பில் இருந்தது. முதல் கடையில் நின்ற பிள்ளை, "கன்வேட்டரா? போனுக்கா, கரண்டுக்கா?" என்று கேட்டது. இரண்டாவது கடையில் இருந்தது. பேனையின் வாய்க்கு டக்கென்று பொருந்தியும் விட்டது. ஹமீதின் உயிர் திரும்பி வந்தது. ஆனால் பேனையின் உடம்பை மாட்டினால் அரை விரல் அளவு வெளியே நின்றது. திருக ஏலாது. குட்டிப் பேனைக்குப் பெரிய பேனையின் குழாய்.

"வாலை வெட்டினா என்ன?" என்று கேட்டார்.

"வாலை வெட்டினா எதைப் புடிச்சுத் திருகுவீங்க?" என்றான் கடைக்காரன். "எப்படி உடைஞ்சது?"

"ராத்தா கீழ போட்டுட்டா."

மதுரங்குளியில் கேட்டபோது, "வீட்டுல சின்னப் புள்ள ஒண்டு கடிச்சிட்டு" என்றார். அந்த வளவில் சின்னப் பிள்ளையே இல்லை. ஒவ்வொரு கடைப் படியிலும் ஒவ்வொரு பொய். குழாய் ஒன்றும் அளவில்லை, பொய் மட்டும் எல்லா இடத்திலும் அளவாகப் பொருந்தியது.

பெரிய மைப்பேனை ஒன்று வாங்கிக் கொடுத்தும் பார்த்தார். றஹ்மத் உம்மா இரண்டு எழுத்து எழுதிவிட்டு மேசையில் வைத்துவிட்டாள். அவளுடைய விரலுக்கு அது உலக்கை.

பிறகு தன்னுடைய தொழிலால் தீர்க்கப் பார்த்தார். சைக்கிள் டியூப்பின் வால்வுக்கு மாட்டுகிற மெல்லிய இறப்பர்க் குழாய் ஒன்றை நறுக்கி, ஒரு முனையைச் சூடாக்கி ஒட்டி, மறுமுனையைப் பேனையின் வாயில் இழுத்து மாட்டினார். மை நின்றது. சந்தோசத்தோடு ராத்தாவின் கழுத்தில் போட்டுவிட்டார். அவள் ளுஹருக்கு ஸஜ்தாவில் குனிந்தபோது இறப்பர் கழன்று, வெள்ளைத் துப்பட்டியில் நெஞ்சுப் பக்கம் முழுக்க நீலமாகிவிட்டது.

ஹமீது தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திட்டுவாள் என்று நினைத்தார், திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆனால் அவள் துப்பட்டியைச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டுவிட்டு வந்து, பென்சிலை எடுத்து எழுதினாள்.

"பரவாயில்ல. எனக்காக நீ படுற பாடு."

அன்றைக்குப் பின்னேரம் துணிக்கடை வீட்டில் இருந்து ஒரு சட்டி வட்டலப்பம் வந்தது. கொண்டுவந்த ஆள் சொன்னான், ஸம்ஹா இப்போது விடியும்வரை நித்திரை கொள்கிறாளாம். பீங்கானில் இருந்தது அச்சடித்த எழுத்து மாதிரியாம். கரைக்க மனம் வராமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். றஹ்மத் உம்மா பெருமையோடு சிரித்து, பெரிய துண்டாக வெட்டித் தம்பியின் பீங்கானில் வைத்தாள். ஹமீது அதைக் கரண்டியால் கிளறிக்கொண்டு இருந்தார். கேளாமல் எடுத்த பேனையால் எழுதிய எழுத்தை ஒரு கர்ப்பிணிப் பிள்ளை கரைத்துக் குடித்திருக்கிறாள். நித்திரை வந்தது அல்லாஹ்வின் இரக்கம். என்னுடைய பங்கு அதில் என்ன, களவுதானே என்று நினைத்தார்.

இல்மா அதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். "மாமா, வட்டலப்பத்துக்கு என்ன, கிணறா தோண்டுறீங்க?" என்றாள். "பேனை உடைஞ்சது மாமிக்கா உங்களுக்கா? மாமி திண்டு குடிச்சு நல்லா இரிக்காங்க. நீங்கதான் பாதியாப் போயிட்டீங்க."

"வயசு போகுது மகள்."

"வயசு மூணு கிழமையில போகாது." அவள் மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "என்ட கூட்டாளி சப்னா சிலாபத்துல இரிக்கா. அங்க லோறன்ஸ் எண்டு மணிக்கூடு திருத்துற ஒருத்தர், பழைய பேனையும் பாப்பாராம். நீளம் குறைஞ்ச கன்வேட்டர் எண்டு ஒரு சாதி இரிக்காம். போய்ப் பாருங்க. இண்டைக்கு வியாழன். நாளைக்கும் மாமி எழுதாட்டி அவர் ஜப்பான்ல அழுதிடுவார்."

வெள்ளி காலையில் ஹமீது சிலாபத்தில் இறங்கினார். மீன் சந்தைக்குப் போகிற வழியில் கதவளவு அகலத்தில் ஒரு கடை. கண்ணில் கறுப்புக் குழல் கண்ணாடி மாட்டிய மெலிந்த மனிசன், தலைக்கு மேலே மாதா படம், சுற்றிவர ஆளுக்கொரு நேரம் காட்டும் மணிக்கூடுகள்.

"வாங்க நானா, இரிங்க" என்றார் லோறன்ஸ். பேனையைக் கழற்றினார். லாச்சியில் இருந்து ஒரு குழாயை எடுத்து மாட்டினார். "இதுக்கு மூக்கு சரி, உடம்பு நீளம்." இன்னொன்று. "இது உடம்பு சரி, மூக்கு லூஸ். ஜப்பான்காரன் தன்ட பேனைக்குத் தன்ட மூக்கு வைப்பான்." பிறகு கண்ணாடியைக் கீழே இறக்கி நிப்பின் அடியைப் பார்த்தார். "இது என்ன நானா, உள்ளுக்கு மஞ்சளா இரிக்கி? பேனைக்குள்ள புரியாணி ஆக்கினீங்களா?"

ஹமீதுக்கு வாயில் ஒரு பொய் தயாராக இருந்தது. சின்னப் பிள்ளை என்று சொல்ல வாயும் திறந்தது. ஆனால் வந்தது வேறு.

"நான்தான்" என்றார். "ராத்தாட பேனை. கேக்காம எடுத்தேன்."

பிறகு நிறுத்த ஏலவில்லை. கை நடுக்கம், எறும்பு எழுத்து, குங்குமப்பூ, குறடு, கட்டிலடி, தன் விரலைக் குற்றம் சொன்ன ராத்தா, ஜப்பானில் முகம் விழுந்த பிள்ளை, எல்லாம் வந்தது. லோறன்ஸ் கையில் பேனையை வைத்துக்கொண்டு முழுதும் கேட்டார்.

"எங்கட ஆக்கள் எண்டா கோயில்ல சாமியார்ட்ட போய் முழங்கால்ல நிண்டு சொல்லுவம்" என்றார் கடைசியில். "என்னட்ட சொல்லி என்ன நானா பிரயோசனம்? நான் மணிக்கூடு திருத்துறவன்."

எழும்பி மேல்தட்டில் இருந்து ஒரு பிஸ்கட் தகரத்தை இறக்கினார். அது முழுக்கச் செத்த பேனைகள். கிளறிக் கிளறி, உடைந்த குட்டிப் பேனை ஒன்றின் வயிற்றில் இருந்து ஒரு குழாயை இழுத்து எடுத்தார். சுண்டுவிரலில் பாதிதான் நீளம். திருகுகிற வால் இல்லை, பக்கத்தில் சின்னக் கம்பி ஒன்று, அதை நகத்தால் இழுத்தால் மை ஏறும். மாட்டினார், மூக்குப் பிடித்தது. உடம்பைத் திருகினார், கடைசிப் புரி வரைக்கும் போய் நின்றது.

ஹமீதின் கண் கலங்கிவிட்டது.

"சந்தோசப்பட்டுடாதீங்க" என்றார் லோறன்ஸ். "இது புடிக்கிறது கொஞ்ச மைதான். ஒண்டரைப் பக்கம் எழுதினா முடிஞ்சிடும். அடிக்கடி நிரப்போணும். விறைச்ச விரலால இந்தக் கம்பிய இழுக்க ஏலாது."

"நான் இழுப்பேன். நான் நிரப்புவேன்."

லோறன்ஸ் நிப்பைக் கழற்றி, ஊறவைத்து, தூரிகையால் தேய்த்து, மஞ்சள் ஒரு பொட்டும் இல்லாமல் கழுவித் துடைத்தார். துணியில் ஒற்றிக் காட்டினார், வெறும் தண்ணீர். "இப்ப ஒருத்தருக்கும் தெரியாது" என்று சொல்லிக் கையில் கொடுத்தார்.

சிலாபத்திலேயே ஜும்ஆத் தொழுதுவிட்டு பஸ் ஏறினார் ஹமீது. ஒருத்தருக்கும் தெரியாது. முந்தல் வரைக்கும் அந்தச் சொல் இனிப்பாக இருந்தது. பேனையைக் கொடுத்துவிட்டால் முடிந்தது. ராத்தா துஆச் செய்வாள், இல்மாவின் பார்வை அடங்கும், ரிஷாத் சிரிப்பான். முந்தல் தாண்டியபிறகு அதே சொல் கசந்தது. மஞ்சள் இருந்தவரைக்கும் அது எப்போதாவது தானாக அவரைக் காட்டிக் கொடுத்திருக்கும். இப்போது காட்டிக் கொடுக்க அவரைத் தவிர ஆள் இல்லை.

அவர் வளவுக்குள் நுழைந்தபோது றஹ்மத் உம்மா அசர் தொழுதுவிட்டுக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். ஹமீது மைப் போத்தலைத் திறந்து, நிப்பைத் தோய்த்து, கம்பியை இழுத்து நிரப்பி, துடைத்துக் கொடுத்தார். அவள் கொப்பியைத் திறந்தாள். நீலக் கோடு தடங்கல் இல்லாமல் ஓடியது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று எழுதினாள். அதற்குக் கீழே, "தம்பி, என்ட விரல் செஞ்ச பிழைக்கு நீ ஊர் ஊரா அலைஞ்சிட்டாய்" என்று எழுதித் திருப்பிக் காட்டினாள்.

"ராத்தா" என்றார் ஹமீது. "உங்கட விரல் இல்ல."

அவள் நிமிர்ந்தாள்.

"நான்தான். துணிக்கடை வீட்டுப் பீங்கான இதாலதான் எழுதினேன். எனக்குக் கை நடுங்குது ராத்தா, ரெண்டு வருசமா. கேட்டா நீங்க கண்டுபுடிச்சிடுவீங்க எண்டு கேக்காம எடுத்தேன். குங்குமப்பூ காஞ்சு இறுகிட்டு. குறட்டால திருகி உடைச்சதும் நான்தான், கட்டிலுக்குக் கீழ போட்டதும் நான்தான்."

றஹ்மத் உம்மா தன்னுடைய வலது கையைத் தூக்கி, வீங்கிய விரல்களைத் தானே பார்த்தாள். கொப்பியில் புதுப் பக்கம் திருப்பினாள். நிப்பு கடதாசியில் விறுவிறுவென்று ஓடத் தொடங்கியது. அவள் எழுத எழுத ஹமீது எதிரே நின்று தலைகீழாக வாசித்தார்.

"கேட்டா தராமப் போவனா? உனக்குப் பால் சோறு ஊட்டினது யார்? கை நடுங்கினா சொல்ல வெக்கமா? வாப்பாக்கும் நடுங்கினது, உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், உம்மாதான் மணிக்கட்டைப் புடிச்சிக்கொண்டு இருப்பா. மூணு கிழமை நான் என்ட விரலைத் திட்டினேன். படுக்கப் போகக்குள்ள இந்தக் கையால என்ன பிரயோசனம், அல்லாஹ் இதையும் எடுத்துக்கோ எண்டு கேட்டேன். அதக் கேக்க வெச்சது நீ. என்ட புள்ள நான் கோவம் எண்டு நினைச்சுக்கொண்டு..."

போன் அடித்தது. இல்மா ஓடிவந்து அதை அலுமாரியில் சாய்த்து வைத்தாள். றஹ்மத் உம்மா எழுதிய பக்கத்தை மறுபக்கம் மடித்தாள்.

"உம்மா!" என்றான் ரிஷாத். அவள் பேனையைத் தூக்கிக் காட்டினாள். "பேனைக்கு என்ன நடந்தது? மூணு கிழமையா ஏன் எழுதல்ல?"

அவளே சொல்லட்டும், சொன்னால் நல்லது என்றுகூட ஹமீதுக்கு இருந்தது. அவள் எழுதித் தூக்கிப் பிடித்தாள்.

"குழாய் பழுதாப் போச்சு. உன்ட மாமா சிலாபம் வரைக்கும் போய்த் தேடிக் கொண்டுவந்தான். நீ சாப்பிட்டியா? ஏன் மெலிஞ்சிட்டாய்?"

ரிஷாத் சிரித்த சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது. "மாமா, உங்களுக்கு அல்லாஹ் நிறைய நன்மை தருவான்" என்றான். ஹமீது ஆமீன் சொல்லவில்லை. கதவு ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போன் வைத்தவுடன் றஹ்மத் உம்மா மடித்த பக்கத்தை விரித்தாள். விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து எழுதத் தொடங்கினாள். அரை வரியில் நீலம் வெளிறியது. உதறினாள். ஒன்றும் வரவில்லை. லோறன்ஸ் சொன்ன ஒண்டரைப் பக்கம் முடிந்துவிட்டது. அவள் தம்பியைப் பார்க்காமலே பேனையை அவர் பக்கம் நீட்டினாள்.

ஹமீது இரண்டு கையாலும் வாங்கினார். கை நடுங்கியது, அதை அவர் மறைக்கவில்லை. அவள் கண்டுவிட்டு, சட்டென்று அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நிப்பு போத்தலுக்குள் போனது. கம்பியை ஒரு முறை இழுத்தார். குழாய் பாதிதான் நிறைந்தது. காணாது என்று மை முழுதையும் திரும்பப் போத்தலுக்குள் விட்டு, மறுபடியும், கடைசிவரைக்கும், நிறைய இழுத்தார். துடைத்து ராத்தாவின் கையில் வைத்துவிட்டு, எதிரே பழைய இடத்தில் போய் நின்றார்.

அவள் எழுதினாள்.